பெண்கள் பக்கத்துக் கேசட்

— நாப்பத்தேழு மணி நேரம் ஆச்சு குணா. ஞாயித்துக்கெழம காலைல பதினோரு மணிக்கு நிக்காஹ். இன்னிக்கி செவ்வாக்கெழம, மணி பத்து. எங்க அமீனா கல்யாணக் கேசட்டு இன்னும் உன் கடையிலயே கெடக்குது.

— மணிக்கணக்கா எண்ணிட்டா இருக்கீங்க நூருக்கா?

— எண்ணாம இன்னா பண்றது. எங்க வூட்டு பொம்பளைங்க அத்தினி பேரும் அதுக்குள்ள கீறாங்க. முக்காடு நழுவிப் போயி, வெத்தல வாயோட சிரிச்சிகினு. நீ பொம்பளப் புள்ள, நீயே படம் புடிப்ப, நீயே வெட்டி ஒட்டுவ, வேற கண்ணு படாதுன்னு சத்தியம் பண்ண. அதனாலதான் உன்ன உள்ள வுட்டோம்.

— அப்படித்தான்க்கா நடந்துது. ஆம்பளைங்க பக்கம் எங்க அண்ணன் எடுத்தாரு. உங்க பக்கம் நான் எடுத்தேன். கேசட்ட நானே பீரோல வெச்சுப் பூட்டினேன். சாவி இதோ இருக்கு.

— உங்கண்ணன் பொன்னுரங்கத்துகிட்ட இன்னொரு சாவி இல்லியா?

— இல்ல.

— உனக்குத் தெரியாம செஞ்சு வெச்சிருந்தா?

— அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லக்கா. இப்பகூட ஆரம்பாக்கத்துல ஒரு காதுகுத்துக்கு எடுக்கப் போயிருக்காரு.

— பஜார்ல வேற மாதிரி பேச்சு. கேசட்டு நாலு பையனுங்க கண்ணுல பட்டுதாம்.

— யார் சொன்னது?

— சொன்னாங்க.

— யாருக்கா? பேர சொல்லுங்க. அந்த மாதிரி ஒரு பேச்சு வந்தா நாளைக்கு ஒரு வூட்டுலயும் என்ன உள்ள விட மாட்டாங்க. பரக்கத் பீவி வூட்டுக் கல்யாணத்துக்கு சொல்லி வெச்சிருக்காங்க. அண்ணனும், அடுப்படியோட இருன்னு சொல்லிடுவாரு. பி.எஸ்ஸி. படிச்சுட்டு நான் பாக்கற வேல இது ஒண்ணுதான்.

— அப்ப கேசட்ட முடிச்சுக் குடுக்க வேண்டியதுதான.

— மெஷின்ல ஓடலக்கா.

— டபாய்க்காத. நேத்து புது வீடியோ மெஷின் வந்து எறங்குச்சு. பஜாரே பாத்துது.

— அது வந்ததுதான் தொந்தரவு. நான் எடுத்த பழைய கேமராவும் இதே கம்பெனிதான். பழசக் குடுத்தா புதுசு வெல கம்மின்னாங்க. அண்ணன் குடுத்துட்டாரு. மெஷின் வந்த வண்டியிலயே அத ஏத்திட்டுப் போயிட்டாங்க. அப்புறம் உங்க கேசட்டப் போட்டா படம் கோடு கோடா ஓடுது. குரல் எல்லாம் கோழிக்குஞ்சு கத்தற மாதிரி கேக்குது.

— அந்தக் கம்பெனிக்காரன் கேமராவுல எடுத்தது அவன் மெஷின்லயே ஓடலியா? யாருக்குக் காது குத்தற?

— எனக்கும் நம்பிக்கையில்லக்கா. அதான் நேத்து போஸ்டாபீஸ்லேந்து கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டேன். மெட்ராஸ்லேந்து இன்ஜினியர அனுப்பறேன்னாங்க.

— இன்ஜினியரு ஆம்பளயா?

— ஆம்பளதான்க்கா.

— அப்ப கேசட்ட என் கைல குடு. நான் எடுத்துனு போயி அடுப்புல போடறேன்.

— அது எப்படி. அமீனாவோட அத்தா குவைத்துல காத்துட்டு இருக்காரு. லீவு கெடைக்காம பெத்த பொண்ணு கல்யாணத்துக்கே வர முடியல. நாளைக்கு சாயங்காலம் அப்துல் ஹை பாய் பிளேன் ஏறுறாரு. அவர் கையில குடுத்தனுப்பணும். கல்யாணத்துக்கு முன்னாடியே போஸ்டாபீசுக்குப் போன் போட்டு என்னக் கூப்பிட்டு சொன்னாரு, 'எம் பொண்ணு வாயால சம்மதம் சொல்றத நான் கேக்கணும்மா, அத மட்டும் விட்டுடாத'ன்னு.

— மச்சான் சொல்லும். அங்க உக்காந்துகினு ஆயிரம் சொல்லும். ஆம்பளைங்க பக்கத்த அனுப்பு, போதும். மாப்ள கபூல்னு சம்மதம் சொல்றது, மால போடறது, பிரியாணி. எங்க பக்கத்துல கொஞ்சம் காட்டணும்னா சத்தத்த எடுத்துட்டு பாட்டு போட்டு வுடு.

— அமீனா வேற மாதிரி சொல்லியனுப்புச்சு.

— எப்போ?

— நேத்து. மீன் விக்கிற சூசையம்மாகிட்ட. 'ஒண்ணயும் வெட்டாம அத்தாவுக்கு அனுப்பிடுங்கக்கா'ன்னு. இன்னிக்கி காலைலயும் அதே சேதி.

— மாப்ள வூட்டுக்குப் போயி முழுசா ரெண்டு நாள் ஆவல. அதுக்குள்ள மீன்காரி கைல சேதியா.

— அத்தா ஞாபகமா இருக்கும்.

— இருக்கும், இருக்கும். எங்கக்கா இவள மூணு வயசுல வுட்டுட்டுப் போச்சு. சாச்சின்னு நான்தான் தூக்கி வளத்தேன். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியனுப்பல. உன்கிட்ட சொல்றா. வேற இன்னா சொன்னா?

— வேற ஒண்ணும் இல்ல.

— நல்லா யோசிச்சு சொல்லு.

— இல்லக்கா. ஏன், வேற ஏதாவது சொல்லியிருக்கணுமா?

— எக்ஸ்கியூஸ் மீ. பொன்னுரங்கம் வீடியோஸ் இதானே? நான் ஆபிரகாம். கம்பெனி சர்வீஸ்லேந்து வரேன்.

— வாங்க சார். நான்தான் போன் பண்ணேன். குணசுந்தரி.

— பொன்னேரில பஸ் ஏறினவன் மேடம். திருப்பாலைவனத்துல டயர் வெடிச்சு, அர மணி நேரம் வயல பாத்துக்கிட்டு நின்னேன். சரி, மெஷின் எங்க? ஓகோ. ஏரிப் பக்கமா ஜன்னல தெறந்து வெச்சிருக்கீங்க. கம்பெனி என்ன சொல்லுதுன்னா, உப்புக் காத்து பட்டா கியாரண்டி கெடையாது.

— நேத்துதான் சார் வந்துது. ஒரு ராத்திரி காத்துலயா?

— சொல்லி வைக்கறேன். அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாதுல்ல. கேசட்டப் போடுங்க, ஃபால்ட்ட பாத்துடலாம்.

— நீங்க பாக்க முடியாது சார்.

— பாக்கறதுக்குத்தான் மேடம் பஸ் சார்ஜ் குடுத்து அனுப்பியிருக்காங்க.

— பொம்பளைங்க பக்கத்துக் கேசட்டு தம்பி. ஆம்பள பாக்கக் கூடாது.

— அப்படியா. சரி, வேற ஒரு கேசட்டப் போடுங்க.

— வேற கேசட் எல்லாம் நல்லா ஓடுது சார். இது மட்டுந்தான் ஓடல.

— ஓடாதது ஒரே ஒரு கேசட். அதையும் காட்ட மாட்டீங்க. எங்க வாங்கினீங்க, பர்மா பஜார்லயா?

— கடையில வாங்கினதுதான்.

— தப்பா நெனைக்காதீங்க. போன மாசம் வேற ஒரு ஊர்ல இதே மாதிரி, 'சார், நீங்க பாக்கக் கூடாது'ன்னாங்க. கதவ சாத்திட்டு ஓட்டற படம் அது. போலீஸ் வந்து மெஷினோட என்னயும் சேர்த்து ஜீப்புல ஏத்திட்டாங்க. அதுலேந்து நான் உஷார்.

— த, வாய அடக்கு. எங்க வூட்டுக் கல்யாணம் அது. அதுல கீற கெழவிங்க காதுல நீ சொன்னது வுழுந்துதுன்னா உன்ன ஏரில முக்கி எடுப்பாங்க.

— மன்னிச்சுடுங்கம்மா. நான் உங்கள சொல்லல.

— பின்ன இந்தப் புள்ளய சொன்னியா?

— சார், நடந்தத நான் சொல்லிடறேன். பழைய கேமராவுல ரெண்டு வேகம். மெது வேகத்துல வெச்சா ஒரே கேசட் ரெண்டு மடங்கு நேரம் ஓடும். அன்னிக்கி அதுலதான் வெச்சேன். உள்ள போயிட்டா இன்னொரு கேசட் வாங்க வெளிய வர முடியாது. கூட்டம் அப்படி. அண்ணனும் உள்ள வரக் கூடாது.

— அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க. இந்த மெஷினுக்கு மெது வேகம் தெரியாது. எடுத்த வேகத்தவிட ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டுது. அதான் கோழிக்குஞ்சு.

— ரெண்டும் உங்க கம்பெனிதானே?

— ஆமா. ஆனா அந்தக் கேமரா எண்பத்தாறு மாடல். நிறுத்திட்டோம். கம்பெனி என்ன சொல்லுதுன்னா, நிறுத்தின மாடலுக்கு சப்போர்ட் கெடையாது.

— ரெண்டு வருஷம்தான் சார் ஆச்சு. நேத்து நீங்க எடுத்துட்டுப் போன கேமராவ ஒரு நாள் திருப்பிக் குடுங்க. அதுல ஓட்டிக் காப்பி எடுத்துட்டுத் தரேன்.

— அது குடோனுக்குப் போயிருக்கும். குடோனுக்குப் போனது திரும்பாது.

— ஏன்?

— அது என் டிபார்ட்மென்ட் இல்ல மேடம். வேணும்னா ஒண்ணு செய்யலாம். கேசட்ட என்கிட்ட குடுங்க. ஹெட் ஆபீஸ்ல பழைய மெஷின் ஒண்ணு இருக்கு. அதுல போட்டு மாத்தி பத்து நாள்ல அனுப்பறேன்.

— நாளைக்கு பிளேன்.

— அந்த ஆபீஸ்ல எத்தினி பேரு தம்பி?

— எட்டு பேர்மா.

— எட்டும் ஆம்பளைங்க.

— ஆமா.

— கேட்டியா குணா. இதுக்குத்தான் நான் அப்பலேந்து அடிச்சிகிறேன். குடு இங்க. ஓடாத கேசட்டு ஓடாமயே போவட்டும்.

— கைய எடுங்கக்கா. நாடா சிக்கிக்கும். சார், ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க.

— மெஷின் முன்னாடி மூணு வெளக்குக்கு எடம் இருக்கு. ரெண்டுதான் எரியுது. மூணாவது மேல உங்க கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. நேத்து சாயங்காலம் நகத்தால சொரண்டிப் பாத்தேன். அடியில 'ஸ்லோ'ன்னு எழுதியிருக்கு.

— ஸ்டிக்கர ஏன் மேடம் எடுத்தீங்க?

— மெது வேகமே தெரியாத மெஷின்ல அத ஏன் சார் எழுதினாங்க?

— டப்பா எல்லா மாடலுக்கும் ஒண்ணுதான். அதனால எழுதியிருக்கும்.

— டப்பாவுக்கு உள்ள?

— உள்ள என்ன?

— உள்ளயும் எல்லா மாடலுக்கும் ஒண்ணுதானா?

— கேக்கறா இல்ல, சொல்லு தம்பி. இன்னாத்துக்கு மேல பாக்கற.

— வெளியில சொல்லிடாதீங்க. வேல போயிடும் எனக்கு. உள்ளயும் ஒண்ணுதான். எல்லாம் இருக்கு. மெட்ராஸ்ல மெஷின சேர்த்துப் பூட்டும்போது ஒரே ஒரு ஒயர வெட்டி விட்டுடுவாங்க. மெது வேகம் வேணும்னா இதவிட பெரிய மாடல வாங்கணும். அதுல வெட்ட மாட்டாங்க.

— அடப் பேமானிங்களா.

— நான் வெட்டலம்மா.

— அப்ப அந்த ஒயர சேர்த்தா இந்தக் கேசட் ஓடும்.

— ஓடும் மேடம்.

— சேர்த்துக் குடுங்க சார்.

— வேணாம் வேணாம். வேல போயிடும்ன்றான், பாவம். உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?

— இல்லம்மா.

— இருந்தாலும் பாவம்தான். உன்ன நம்பி அம்மா அப்பா இருப்பாங்க.

— இப்பத்தான் பேமானின்னீங்க.

— அது கம்பெனிய சொன்னேன்.

— எனக்கு ஒண்ணு புரியலம்மா. ஒயர வெட்டினாங்கன்னு திட்டினீங்க. ஓட வெக்கறேன்னா வேணாங்கறீங்க. நான் உள்ள வரும்போதும் நீங்கதான் ஏதோ அதட்டிக்கிட்டு இருந்தீங்க. மேடம், இந்தக் கேசட் யாருக்கு சொந்தம்?

— அமீனாவோட அத்தாவுக்கு. நீங்க ஒயர சேருங்க சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

— சேர்த்த பின்னாடி படத்தப் பாத்துதான் சரி பண்ணணும். அது எப்படி?

— டிவிய எங்க பக்கம் திருப்பிக்கறோம். நீங்க மெஷினுக்குப் பின்னாடி சொவத்தப் பாத்து உக்காந்துக்குங்க. எங்களுக்கு என்ன தெரியுதோ நான் சொல்லிட்டே வரேன்.

— அலமாரிக் கண்ணாடில தெரியுமே அவனுக்கு.

— உங்க துப்பட்டியக் குடுங்க நூருக்கா, அது மேல போட்டுடலாம்.

— துப்பட்டியக் குடுத்துட்டு நான் எப்படி உக்காருவேன். அந்த மேச விரிப்ப எடு.

— சரி. இப்ப ஒண்ணும் தெரியாது. போடட்டுமா சார்?

— போடுங்க. என்ன தெரியுது?

— மழ பெய்யற மாதிரி. நடுவுல ரெண்டு கோடு.

— இப்ப?

— ஒரு கோடு மேல போயிடுச்சு.

— குரலு இன்னும் கோழிக்குஞ்சுதான். நல்லாத்தான் கீது. இப்படியே அனுப்பு, மச்சான் சிரிக்கும்.

— சும்மா இருங்கக்கா.

— இது எந்த எடம் குணா?

— வக்கீல் வர்ற எடம்.

— கல்யாணத்துல வக்கீல் எதுக்கு மேடம்? கேஸ் ஏதாவதா?

— கோர்ட்டு வக்கீல் இல்ல சார். பொண்ணோட அப்பா சார்புல ஒருத்தர். அவர்கூட ரெண்டு சாட்சி. பொம்பளைங்க பக்கத்துக்கு வந்து தெரைக்கு வெளிய நிப்பாங்க. இன்னாரோட நிக்காஹுக்கு சம்மதமான்னு மூணு தடவ கேப்பாங்க. பொண்ணு உள்ளேந்து பதில் சொல்லணும்.

— பொண்ண பாக்க மாட்டாங்களா?

— குரல் கேட்டா போதும்.

— அப்ப நான் இப்ப உக்காந்திருக்கற மாதிரி.

— வேற எடம் போடு குணா. மருதாணி வெக்கற எடம் போடு. டெஸ்ட்டுக்கு எந்த எடமா இருந்தா இன்னா.

— அவங்க அத்தா கேட்டது இந்த எடந்தான்க்கா. இதுதான் சரியா வரணும்.

— அந்த எடம் எங்க போயிடப் போவுது. முன்னால தள்ளு.

— தள்ளாதீங்க மேடம், கையில ஈயம் பத்தவெக்கற கம்பி சூடா இருக்கு. ஒரு நிமிஷம். ஆச்சு. இப்ப பாருங்க.

— மூணாவது வெளக்கு எரியுது சார்.

— படம்?

— ஆடாம நின்னுடுச்சு. நல்லா தெளிவா இருக்கு. நூருக்கா, பாருங்களேன், அமீனா. பூச்சரம் மொகம் பூரா மூடியிருக்கு. கை மட்டும் தெரியுது. பக்கத்துல ஒட்டினாப்ல நீங்க. உங்க தலையும் குனிஞ்சிருக்கு.

— சரி, ஓடுதுல்ல. நிறுத்து.

— நிறுத்தாதீங்க. சத்தம் நடுங்காம வருதான்னு கேக்கணும்.

— அதான் கேட்டாச்சே தம்பி.

— இப்பத்தான்மா மனுஷங்க குரல் மாதிரி வருது. யாரோ பெரியவர் பேசறாரு.

— அவர்தான் வக்கீல். கலந்தர் மாமு. காது கொஞ்சம் மந்தம் அவருக்கு.

— அவரு கேட்டுட்டாரு. பதில் இல்ல.

— மொத தடவ எந்தப் பொண்ணும் சொல்லாது சார். வெக்கம்.

— ரெண்டாவது தடவ கேக்கறாரு.

— குணா, வெளிய யாரோ கூப்பிடறாங்க பாரு.

— யாரும் இல்லக்கா.

— கூப்பிட்டாங்க. நான் கேட்டேன். அந்த சூசையம்மா குரலு மாதிரி இருந்துது.

— அம்மா, கொஞ்சம் பேசாம இருங்க. நடுவுல ஒரு சின்னக் குரல், 'அத்தாகிட்ட பேசணும்'னு. மேடம், கேட்டீங்களா?

— இல்ல சார். நூருக்கா பேசினதுல கேக்கல.

— புள்ளைங்க யாராவது அழுதிருக்கும். கல்யாண வூடு தம்பி அது.

— மூணாவது வருது. இருங்க. இதோ, 'சம்மதம் மாமு.' சுத்தமா விழுந்திருக்கு சார். அன்னிக்கி என் கண்ணு கேமராவுலயே இருந்துது. கூட்டத்துல சரியா விழுந்துதோ இல்லியோன்னு ரெண்டு நாளா பயந்துட்டே இருந்தேன். அவங்க அத்தா இதக் கேட்டா போதும்.

— அவ்ளோதான. அந்த ஒரு வார்த்தைய மட்டும் வெட்டி எடுத்து அனுப்பு. முன்னால பின்னால ஒண்ணும் வேணாம்.

— அமீனா வெட்டாம அனுப்ப சொல்லியிருக்கே.

— அவ சொல்லுவா. இந்த சம்மந்தத்துக்கு ஒரு வருஷம் நடையா நடந்தவ நானு. நல்ல எடம், நல்ல பையன். மச்சானுக்கு அங்க உக்காந்துகினு இன்னா தெரியும். ஊரே வந்து சோறு தின்னுட்டுப் போச்சு. அவ்ளோ சனத்துக்கு முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு வெளையாட்டுத்தனமா ஏதாவது சொல்லி, அது தெரைக்கு அந்தாண்ட போயிருந்தா இன்னா ஆவும்?

— அமீனா என்னக்கா சொல்லுச்சு?

— ஒண்ணும் சொல்லல. ஒரு பேச்சுக்கு சொன்னேன்.

— மேடம், கொஞ்சம் ரிவைண்ட் பண்ணுங்க.

— எதுக்கு தம்பி. வேல முடிஞ்சுது. கெளம்பு, பன்னெண்டு மணி பஸ்ஸ வுட்டா அடுத்தது சாயங்காலந்தான்.

— பண்ணுங்க மேடம்.

— பண்ணிட்டேன் சார்.

— ரெண்டாவது கேள்விலேந்து விடுங்க. அம்மா, இந்தத் தடவ தயவுசெஞ்சு பேசாதீங்க.

— கேட்டுட்டீங்களா சார்? சத்தம் நடுங்குதா?

— இல்ல. சத்தத்துல ஒரு கொறையும் இல்ல.

— பின்ன ஏன் திரும்பப் போட சொன்னீங்க?

— நீங்க ரெண்டு பேரும் படத்தப் பாத்தீங்க. எனக்குப் பாக்க சொவருதான் இருந்துது. காலைலேந்து இந்த ரூம்ல ரெண்டு பேர் குரலத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— தம்பி, அந்த ஒயரக் கழட்டு.

— மேடம், 'அத்தாகிட்ட பேசணும்'னு சொன்னதுதான் கல்யாணப் பொண்ணு. 'சம்மதம்'னு சொன்னது இந்த அம்மா.